சாக்பீஸின் சிவந்த விரல்கள்

நர்சிங் ஹோம் முதலாளி டாக்டரின் குரல் வழுக்கிக்கொண்டு வந்தது. கேட்கக் கேட்க, அந்த மேசையைத் தூக்கி அவர் தலையில் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது அக்காவுக்கு.

"நாங்க எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான்மா சொல்றோம், ஏன்னா நடந்தது ஒண்ணுதான். உங்க தம்பியை டேபிள்ல படுக்க வெச்சோம். ரொம்ப பயந்திருந்தார். மயக்க டாக்டர் வரட்டும்னு காத்திட்டிருந்தோம். ஊசி, மருந்து எதுவும் போடல. அதுக்கு முன்னாடியே இதயம் நின்னு போச்சு. பயத்துல அப்படி ஆகறது உண்டு."

பயம். இந்த ஒரு சொல்லை ஒரு வாரமாக எத்தனை வாயிலிருந்து கேட்டுவிட்டாள். குடலிறக்கத்துக்கு ஒரு சின்ன ஆபரேஷன், சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லித்தான் இந்த நர்சிங் ஹோமில் தம்பியைச் சேர்த்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குத்தான் போனான், ஆம்புலன்சில், முகத்தை மூடிக்கொண்டு.

தம்பி கல்குவாரியில் பாறைக்குத் துளை போடுகிறவன். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு செங்குத்தான பாறையில் தொங்கியபடி டிரில் மிஷினைப் பிடிக்கிற வேலை. வைத்த வெடி வெடிக்காமல் போனால், என்ன ஆயிற்று என்று போய்க் குனிந்து பார்ப்பதற்கு அந்தக் குவாரியில் இருந்த ஒரே ஆளும் அவன்தான். மற்றவர்கள் எல்லாரும் லாரிக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். அப்படிப்பட்டவன் படுக்கையில் படுத்த பயத்தில் செத்துப் போனானாம். குவாரியில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நேற்று அவன் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல், "அப்பா பயந்தாங்கொள்ளியா அத்தை?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் அக்காவைத் தையல் மிஷினிலிருந்து எழுப்பி, வக்கீலம்மா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

வக்கீலம்மா இப்போது வக்கீல் இல்லை. தான் உயிரைக் கொடுத்து வாதாடிக்கொண்டிருந்தபோது நீதிபதி குறட்டை விட்டதைப் பார்த்துவிட்டு, கறுப்புக் கோட்டைக் கழற்றிப் பழைய துணிக்காரனிடம் போட்டவர். அன்றிலிருந்து துப்பறிகிறார். கூடவே இருக்கும் ஆள் முன்னாள் பஸ் கண்டக்டர். மீதியை இறங்கும்போது வாங்கிக்கலாம் என்று சொல்லியே காலம் தள்ளியவன் என்பதால் சில்லறை என்று பெயர் நிலைத்துவிட்டது. வேலை போன பிறகும் வாய் மட்டும் போகவில்லை. இருவரும் இப்போது அக்காவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

"டாக்டர், ஒரு சந்தேகம்" என்றான் சில்லறை. "இங்க பில்லைப் பார்த்துப் பயந்து யாராவது போயிருக்காங்களா? இல்ல, பில்லுக்கு முன்னாடியே பயந்தது இவர் ஒருத்தர்தானா?"

"சில்லறை" என்றார் வக்கீலம்மா. அவன் வாயை மூடிக்கொண்டான். முதலாளி டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்து போங்கள் என்பதை நாகரிகமாகச் சொல்லும் வழி அது.

வந்த காரியம் ஒன்றும் நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்: இன்று சாயங்காலத்துக்குள் உருப்படியாக ஏதாவது கொண்டு வந்தால் சரி, இல்லையென்றால் இயற்கை மரணம் என்று எழுதி மூடிவிடுவேன். அறுத்துப் பார்க்க உடலும் இல்லை. 'போனவரை அறுத்துப் பார்த்து என்னம்மா ஆகப்போகுது' என்று இதே முதலாளி டாக்டர் இதே குரலில் அன்றைக்குச் சொன்னபோது அக்கா தலையாட்டியிருந்தாள்.

எழுந்தவள், கதவருகே திரும்பினாள். கேட்கக்கூடாது என்று நினைத்திருந்தது வாயிலிருந்து வந்துவிட்டது.

"கடைசியில அவன் பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

முதலாளி டாக்டரின் முகம் உடனே இளகியது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியில் முன்னால் வந்தார்.

"நான் இருந்தேன்மா. அவர் கையைப் பிடிச்சிட்டே இருந்தேன். இதோ, இந்தக் கைக்குள்ளதான் இருந்துச்சு. இளஞ்சூடா, விரலெல்லாம் சிவந்து, தூங்கற குழந்தை கை மாதிரி. கஷ்டப்படாமத்தான் போனார். அதை நினைச்சு மனசைத் தேத்திக்குங்க."

அக்கா வெளியே வந்தாள். மாடிப்படியில் பாதி இறங்கியதும் நின்று, உள்ளங்கையால் சுவரில் ஓங்கி அறைந்தாள். கீழே வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"பொய் சொல்றான்."

"தெரியும்" என்றார் வக்கீலம்மா. "எது பொய்னு தெரிஞ்சாத்தான் பிரயோஜனம்."

"அந்தக் கை. அது என் தம்பி கையே இல்ல."

மேலே சொல்லுங்கள் என்று வக்கீலம்மா கைகாட்டினார்.

"டிரில் மிஷின் பிடிச்சுப் பிடிச்சு அவன் விரல் எல்லாம் கெட்டுப் போச்சு மேடம். அந்த அதிர்வு நரம்பைத் தின்னுடும். கொஞ்சம் குளிர் பட்டாப் போதும், விரலுக்கு ரத்தமே வராது. ஃப்ரிட்ஜ்லேருந்து தண்ணி பாட்டில் எடுத்தா நாலு விரலும் வெள்ளை வெளேர்னு ஆயிடும், ஜில்லுனு, கிள்ளினாக்கூடத் தெரியாது. குவாரியில அவனுக்குப் பேரே சாக்பீஸ். அன்னிக்குக் காலையில வார்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? நாடி பார்க்க விரல்ல ஒரு கிளிப் மாட்டுவாங்களே, அதை மாட்டினா மிஷின்ல ஒண்ணுமே வரல. அந்த சிஸ்டர் ஒவ்வொரு விரலா மாத்திப் பார்த்துச்சு. 'நான் ஏற்கெனவே போயிட்டேன் போல சிஸ்டர், வீட்டுல சொல்லிடுங்க'ன்னு கிண்டல் பண்றான். கடைசியில காதுல கொண்டுபோய் மாட்டினாங்க."

"வார்டுல ஏசி?"

"ஓடிட்டிருந்துச்சு. ஆனா ஆபரேஷன் தியேட்டர் அதைவிடக் குளிரும்னு அந்த சிஸ்டரே சொல்லுச்சு."

வக்கீலம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏறிப் போகிறவர்களும் இறங்கி வருகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

"வார்டு ஏசியிலேயே வெளுத்துப் போற விரல். அதை இன்னும் குளிரான ரூமுக்குள்ள, ஒரு மெல்லிசு கவுனோட படுக்க வெச்சாச்சு. போதாததுக்கு ரொம்ப பயந்திருந்தாராம். பயந்தா கை என்ன ஆகும் சில்லறை?"

"எனக்கா? செக்கிங் இன்ஸ்பெக்டர் பஸ்ல ஏறினா ஐஸ் கட்டி ஆயிடும் மேடம்."

"எல்லாருக்கும் அப்படித்தான். பயந்தா தோல்ல இருக்கிற ரத்தமெல்லாம் உள்ளே ஓடிடும். ஆனா இந்த விரல் மட்டும் சூடாகி சிவந்திருக்கு. எப்படி?"

"எனக்குத் தெரியும்" என்றான் சில்லறை. முதல் முறையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை. "எனக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆச்சே. என் கால் எப்பவும் ஜில்லுனு இருக்கும், என் வீட்டுக்காரி அதுக்காகவே நடுவுல தலகாணியைப் போட்டு எல்லை பிரிச்சு வெச்சிருக்கா. அன்னிக்கு தியேட்டர்லேருந்து என்னைத் தள்ளிட்டு வர்றப்போ காலைத் தொட்டுப் பார்த்திருக்கா. பாதம் ரெண்டும் கதகதன்னு, சிவப்பா. 'இது யார் கால், ஆளை மாத்திட்டீங்களா'ன்னு நர்ஸ்கிட்ட சண்டைக்கே போயிட்டா. அப்புறம் மயக்கம் தெளியத் தெளியத்தான் பல்லு தந்தி அடிக்க ஆரம்பிச்சேன். இன்னிக்கும் சொல்லுவா, அந்த மருந்தை வாங்கி தினமும் ராத்திரி ஒரு சொட்டு உனக்கு விடணும்னு."

அக்கா அவனை முறைத்தாள். சிரிக்கிற நேரமா இது என்று கேட்க நினைத்தாள். ஆனால் வக்கீலம்மா சிரிக்கவில்லை.

"கோர்ட்டுல ஒரு கேஸ்ல ஒரு டாக்டர் சாட்சி சொன்னார்" என்றார் மெதுவாக. "முழிச்சிருக்கிற உடம்பு குளிர்ல தோலுக்குப் போற குழாயை எல்லாம் இறுக்கி மூடி வெச்சிருக்கும், உள்ளே இருக்கிற சூடு வெளியே போகக்கூடாதுன்னு. மயக்க மருந்து ஏறினதும் அந்தப் பிடி விட்டுப் போயிடும். குழாயெல்லாம் விரிஞ்சு ரத்தம் கை கால் நுனிவரைக்கும் வந்துடும். உள்ளே இருந்த சூடு தோலுக்கு வந்துடும். தொட்டா இளஞ்சூடா இருக்கும். தூங்கற குழந்தை கை மாதிரி."

அக்கா ஒரு படி இறங்கி அவருக்கு எதிரே வந்தாள்.

"அப்போ..."

"உங்க தம்பி முழிச்சிட்டு இருக்கறப்போ போகல. மருந்து ஏறின பிறகுதான் போயிருக்கார். உங்களுக்கு ஆறுதல் சொல்லப் போய் அந்த மனுஷன் ஒரே ஒரு நிஜத்தைச் சொல்லிட்டார்."

அக்கா படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

"எங்க போறீங்க?"

"மயக்க டாக்டரைப் பார்க்க."

* * *

மயக்க டாக்டரைப் பிடிப்பது லேசாக இல்லை. அவர் எந்த ஆஸ்பத்திரிக்கும் சொந்தம் கிடையாது. கூப்பிட்ட இடத்துக்கு பைக்கில் போய், மருந்து கொடுத்து, அந்தக் கேஸ் முடிந்ததும் அடுத்த இடத்துக்கு ஓடுகிறவர். போன இடத்திலெல்லாம் இப்போதுதான் கிளம்பினார் என்றார்கள்.

"நான் வேலை பார்த்த ரூட்லகூட இத்தனை ஸ்டாப் இல்ல மேடம்" என்றான் சில்லறை.

கடைசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் பைக் ஷெட்டில் அகப்பட்டார். ஒல்லியான மனிதர். தலையில் ஹெல்மெட், தோளில் பெட்டி. வண்டியை உதைக்கக் காலைத் தூக்கியிருந்தார். வக்கீலம்மா வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அக்கா குறுக்கே புகுந்து வண்டிச் சாவியை உருவிக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

"சாக்பீஸோட அக்கா. குடலிறக்கம். டேபிள்லயே போனவன். ஞாபகம் இருக்கா சார்? என்ன மருந்து குடுத்தீங்க அவனுக்கு?"

"நான் ஒண்ணும் குடுக்கல. நான் உள்ளே போறப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சு. என் பெட்டியையே திறக்கல."

"எல்லாரும் ஒரே பாட்டு. யார் சொல்லிக்குடுத்தது, முதலாளியா?"

"அம்மா, நான் சொல்றது சத்தியம்."

"உங்க சத்தியத்தை வெச்சு நான் என்ன பண்றது? அவன் பொண்ணு கேக்கற கேள்விக்கு பதில் சொல்ல முடியுமா?"

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தாள். வக்கீலம்மா அவளிடம் நயமாகக் கேட்டார். அந்த நர்சிங் ஹோமில் ஒருவர் டேபிளிலேயே இறந்தாரே, அன்றைக்கு இவர் எங்கே இருந்தார்?

"அன்னிக்கா? இங்கதான். ரெட்டைப் பிள்ளை, தாய்க்கு ரத்தம் நிக்கவே இல்ல. சார் நகர முடியல. அங்கேருந்து போன் மேல போன். நான்தான் எடுத்து, சார் இப்ப வர மாட்டார், காத்திருங்கன்னு சொன்னேன். இங்க எல்லாம் முடிஞ்சு கிளம்பறப்போ மறுபடி போன் பண்ணி, வேண்டாம், ஆள் போயிட்டார், சும்மா வந்து பார்த்துட்டுப் போங்கன்னு சொன்னாங்க."

நர்ஸ் உள்ளே போய்விட்டாள்.

"அப்போ மருந்து தானா நடந்து போய் அவர் கையில ஏறிக்கிச்சா மேடம்?" என்றான் சில்லறை. அவன் கிண்டலுக்கே தெம்பு இல்லை.

அக்கா கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். அப்படியென்றால் இந்த ஆள் மருந்து கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் முதலாளி சொன்னதுதான் நடந்ததா? தம்பி அந்தக் குளிரில் தனியாகப் படுத்து, மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டே, நிஜமாகவே பயந்து... அந்த நினைப்பு வந்ததற்காக அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு பொங்கியது. ஒரு நிமிஷத்துக்கு முன் வரை அடுத்தவர்கள் மேல் இருந்த கோபம் அத்தனையும் திரும்பி அவள் நெஞ்சிலேயே வந்து குத்தியது.

வக்கீலம்மா மட்டும் நகரவில்லை.

"டாக்டர், நீங்க போய்ப் பார்த்தப்போ அவரைத் தொட்டீங்களா?"

"தொடாம எப்படி? நாடி பார்த்தேன்."

"எங்க?"

"கழுத்துல. அப்புறம்... கையில."

"கை எப்படி இருந்தது?"

மயக்க டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அதை வைக்க இடம் தெரியாமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார்.

"இறந்து கொஞ்ச நேரம்தான் ஆயிருந்துச்சு. உடம்பு இன்னும் ஆறல."

"நான் உடம்பைக் கேக்கல. விரலைக் கேக்கறேன். குளிர் ரூம். மெல்லிசு கவுன். பயத்துல செத்துப் போன ஆளு. அந்த விரல் எப்படி இருந்திருக்கணும்?"

"ஜில்லுனு."

"எப்படி இருந்தது?"

ஷெட்டுக்கு வெளியே ஒரு ஆம்புலன்ஸ் பின்னால் வந்து நின்று, கதவு திறந்து, மூடியது.

"சூடா இருந்துச்சு" என்றார். "கை மட்டுமில்ல, கால் விரலும். புறங்கை நரம்பெல்லாம் கயிறு மாதிரி புடைச்சிட்டு. முழிச்சிருந்தவங்க தோல் அப்படி இருக்காது. அது தூங்க வெச்ச தோல். நான் தினமும் தொடற தோல் அது, எனக்குத் தெரியாதா."

"அப்போ அன்னிக்கே தெரியும்."

"தொட்ட உடனே தெரியும்."

"யார் போட்டது?"

"நான் லேட் ஆனா சில சமயம் முதலாளி டாக்டரே ஆரம்பிச்சிடுவார். பால் மாதிரி வெள்ளையா ஒரு மருந்து. போட்டதும் தூங்கிடுவாங்க. தூங்கினதும் சில பேர் மூச்சு விடறதை நிறுத்திடுவாங்க. அந்த நேரத்துல தலைமாட்டுல நின்னு மூச்சு குடுக்கத்தான் நான் இருக்கேன். வேண்டாம் சார், எனக்காகக் காத்திருங்கன்னு எத்தனையோ தடவை சொல்லிட்டேன். ஒரு ஊசி போட எனக்குத் தெரியாதாய்யான்னு கேப்பார்."

அக்காவுக்கு எல்லாம் விளங்கியது. 'அவர் கையைப் பிடிச்சிட்டே இருந்தேன்.' அந்த ஆள் பிடித்தது ஆறுதலுக்கு இல்லை. ஒரு கையால் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மருந்தை ஏற்றியிருக்கிறார். சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்த விரல்கள் அவர் கைக்குள்ளேயே மெல்லச் சிவந்து சூடாகியிருக்கின்றன. அந்தக் குளிரிலும் தம்பியின் விரலுக்கு ரத்தம் வந்த அந்த நேரத்தில்தான் அவன் மூச்சு நின்றிருக்கிறது. அது தெரியாமல் கத்தியை எடுக்கப் போயிருப்பார் அந்த மனிதர். அந்தச் சூட்டையே எடுத்துப் பூ மாதிரி அவளிடம் நீட்டி, வாங்கிக்கொள், மனதைத் தேற்றிக்கொள் என்றாரே.

"வாங்க" என்றாள்.

"எங்க?"

"ஸ்டேஷனுக்கு. இப்ப சொன்னதை அங்க சொல்லுங்க."

மயக்க டாக்டர் ஒரு அடி பின்னால் போனார். "அம்மா, என் நிலைமையைக் கொஞ்சம் பாருங்க. அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எந்த நர்சிங் ஹோமும் என்னைக் கூப்பிடாது. நான் வீட்டுலதான் உட்காரணும்."

"உட்காருங்க சார். வீட்டுல உட்காருங்க. உங்க வீட்டுல நீங்க இருப்பீங்க. என் தம்பி வீட்டுல அவன் இல்ல."

"நான் கொல்லலையே."

"தொட்ட உடனே தெரியும்னு சொன்னீங்களே. தெரிஞ்சுக்கிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏறினீங்க. ஊரே என் தம்பியைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிச் சிரிச்சப்போ நீங்க இன்னும் எத்தனை பேரைத் தூங்க வெச்சீங்க? உங்களுக்கு எப்படி சார் தூக்கம் வந்துச்சு?"

அக்கா எட்டி அவருடைய வலது கையைப் பிடித்தாள். பிடித்தவள் திடுக்கிட்டாள். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் அந்தக் கை தண்ணீர்ப் பாட்டில் போலச் சில்லிட்டிருந்தது. உள்ளங்கை வியர்த்து, நகங்கள் வெளிறிக் கிடந்தன. அவள் விடவில்லை.

"சில்லறை, வண்டியை நீ எடுத்துட்டு வா" என்றார் வக்கீலம்மா. "ஹெல்மெட்டையும் வாங்கிக்க. அவர் கையில இனிமே இடமில்ல."

"சாவி?"

அக்கா திரும்பிப் பார்க்காமலே சாவியை வீசினாள். சில்லறை வாயைத் திறக்காமல் அதைப் பிடித்தான். அன்றைக்கு அவன் செய்த பெரிய காரியம் அதுதான்.

இரண்டு தெரு தள்ளித்தான் போலீஸ் ஸ்டேஷன். அந்தத் தூரம் முழுவதும் ஒரு தையல்காரி ஒரு டாக்டரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரும் குறுக்கே வரவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவர் யாரும்மா?"

"மயக்க டாக்டர் சார். என் தம்பி எதனால போனான்னு சொல்ல வந்திருக்கார்." பிடித்திருந்த கையை மேசைமேல் இழுத்து, இன்ஸ்பெக்டரின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "அதுக்கு முன்னாடி இந்தக் கையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. பயந்தவன் கை எப்படி இருக்கும்னு நீங்க தெரிஞ்சுக்கணும்."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், வக்கீலம்மாவைப் பார்த்தார், பிறகு விரலை நீட்டித் தொட்டார். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"சொல்லுங்க டாக்டர்" என்றார்.

மயக்க டாக்டர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அக்கா நின்றபடியே, ஒரு சொல்லையும் தவற விடாமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.